ஒழுங்கையில் கிறுகும் சத்தம்

சம்மாந்துறை
19.04.2024

மச்சி நஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பேனை புடிச்சி எழுதி எத்தனை வருசம் எண்டு தெரியா. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இரிக்கும், பொறுத்துக்கங்க. தம்பி மவுத்தாகி, புருசனுக்காக இத்தாவில வெளி ஆம்புளைகளைக் காணாம இரிக்கிற உங்களோட நான் நேரில கதைக்க ஏலா. போன் எடுத்தா உங்கட வாப்பா எடுக்கிறார், என்ட குரல் கேட்டதும் வெச்சிடுறார். அதால எழுதித் தாறன், பஸ்லியா கொண்டு வந்து தருவா. அவ எனக்குப் பொண்டாட்டி எண்டாலும் உங்கட பக்கம்தான், அது உங்களுக்கும் தெரியும்.

முதல்ல அந்த ஏழாம் கத்தத்துக் கதை. தம்பி முர்ஷித் மவுத்தாகி ஏழாம் நாள் நான் கார்ச் சாவி கேட்டது, உங்கட வாப்பா நினைச்ச மாதிரி காரைக் கொண்டு போக இல்ல. அது ஸ்டார்ட் பண்ணாமக் கிடக்கு, பெற்றி இறங்கிடும் எண்டுதான் கேட்டன். அவர் எல்லாருக்கும் முன்னால, "தம்பிட கபுறு மண் காயல்ல, கார் கேட்டு வந்திட்டான்" எண்டார். எல்லாரும் சேந்து சாப்பிடுற சஹன்ல கை வெச்சிருந்த சோத்தை அப்பிடியே விட்டுட்டு எழும்பி வந்தன். அதுக்குப் பிறகு உங்கட கடப்படியை மிதிக்கல்ல.

இப்ப கேள்விப்பட்டன், உங்கட தங்கச்சிக்கு அந்த வளவுக்குள்ளயே வீடு கட்டப் போறாங்களாம். கலியாணத்துக்கு முதல் பொம்புளப் புள்ளைக்கு வீடு எழும்ப வேணும், அது நம்மட வழக்கம், நான் ஒண்டும் குறை சொல்லல்ல. நானும் முர்ஷிதும் அப்பிடித்தானே உம்மாட வீட்டை விட்டு பொண்டாட்டிமார்ர வீட்டுக்கு வந்தம். ஆனா அத்திவாரம் வாறது கார் நிக்கிற இடத்திலயாம். காரைப் பழைய இரும்புக்குக் குடுக்க வாப்பா ஆள் பாக்கிறார் எண்டு பஸ்லியா சொன்னா.

மச்சி, அதை மட்டும் செய்ய விடாதீங்க. காலமெல்லாம் அரிசி லொறி ஓடினவன் அவன். நீர்கொழும்பில அந்த ரெண்டு கதவுச் சிவப்புக் காரைக் கண்ட அண்டு எனக்குக் கோல் எடுத்து, "காக்கா, இது லைட்டைக் கண் மாதிரித் திறந்து மூடுது காக்கா" எண்டு சின்னப் புள்ளயாட்டம் சிரிச்சான். மேல் மாகாணத்துக் காரை இஞ்சால மாத்துற வேலையெல்லாம் ஓடி ஓடி முடிச்சான். கார்ட வருச லைசனைப் புதுப்பிக்கப் புகைச் சோதனை மட்டும்தான் மிச்சம். ஜனவரியில கொண்டு போனான், பெயில். மறுகா அவனே போயிட்டான்.

சோதனை பாஸாகி லைசன் வந்தா அதை ஒழுங்கா ரோட்டில ஓட்டி வந்து என்ட மெசின் கொட்டிலுக்குள்ள வெப்பன். உழவு மெசினை வெளியில விட்டாலும் பரவாயில்ல. நுஸ்ஹா வளந்து கேக்கக்குள்ள, இதுதான் மகள் உன்ட வாப்பாட கார் எண்டு காட்ட ஒரு சாமான் வேணும். லைசன் இல்லாட்டி அது இரும்புதான். சாவியைப் பஸ்லியாட கையில குடுத்து விடுங்க.

உங்கட மச்சான்,
றிபாஸ்


சாய்ந்தமருது
26.04.2024

மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கட கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இல்ல, நாய் துரத்தின கோழி ஓடின மாதிரி. ரெண்டு தரம் வாசிச்சித்தான் விளங்கினது.

சாவி அனுப்பியிரிக்கன். வாப்பாக்கிட்ட நானே சொல்லிட்டன். முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனார், ஆனா வேணாம் எண்டு சொல்லல்ல. அவருக்கு அந்தக் காரைக் கண்டா ஆகாது. அது என்ன பாவம் செஞ்சது எண்டு தெரியா. லொறியில ஏறினவர் லொறியிலதான் போனார். மஹியங்கனைக்கு இஞ்சால லொறியை ஓரங்கட்டி, ஹாண்ட்பிறேக்கும் போட்டு, ஸ்டேரிங்கில தலையை வெச்சிருந்தாராம். ஆருக்கும் ஒரு கீறல் விழல்ல. அவர்ர குணம் அப்பிடி. கார் இஞ்ச மாமரத்துக்குக் கீழ சும்மா நிண்டது.

ரெண்டு விசயம். அவர் நெடுவல், சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வெச்சிருக்கார். நீங்க கட்டை. முன்னுக்கு இழுக்காம ஓட ஏலுமெண்டா அதை இழுக்காதீங்க.

மற்றது, வளவுக்குள்ள ஸ்டார்ட் பண்ணாதீங்க. வீட்டுக்கு வாற ஒழுங்கையிலயும் வேணாம். ஆக்களை வெச்சித் தள்ளிக் கொண்டு போய் கடற்கரை வீதியில ஸ்டார்ட் பண்ணுங்க. திருப்பிக் கொண்டு வரக்குள்ளயும் அப்பிடியே. ஏன் எண்டு கேக்க வேணாம்.

வெள்ளிக்கிழமை வாங்க. வாப்பா கடையில இரிப்பார். நான் அறைக்குள்ள இரிப்பன்.

நஸ்லா


சம்மாந்துறை
04.05.2024

மச்சிக்கு,

ஸலாம். பெயில்.

எப்பிடி எண்டு சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிச்சாலும் பரவாயில்ல, உங்களைச் சிரிக்க வெச்சது எண்டு ஒரு நன்மையாவது கிடைக்கட்டும். கல்முனையில சோதிக்கிற இடத்துக்கு ஜும்ஆவுக்கு முன்னாலயே போயிட்டன். வெயில் கொளுத்துது. நான் வேளாண்மைக்காரன். மெசினை ஆறப் போட்டுத்தான் அடுத்த வயல் வட்டைக்குள்ள இறக்குவன், அதுதான் என்ட பழக்கம். சோதனைக்குப் போற வாகனம் களைப்பில்லாம இரிக்கட்டும் எண்டு நிழல்ல நிப்பாட்டி, பொனட்டையும் திறந்து வெச்சி, ரேடியேட்டருக்கு மேல ஒரு ஈரச் சாக்கும் போட்டுட்டுப் பள்ளிக்குப் போனன். நல்லாத் தொழுது, துஆவும் கேட்டு வந்தன். சோதிக்கிற தம்பி சாக்கைப் பாத்தார், என்னைப் பாத்தார். "காக்கா, எஞ்சின் கொதிச்ச சூட்டில இரிந்தாத்தான் புகை சுத்தமா வரும். நீங்க இதைக் குளிப்பாட்டிக் கொண்டு வந்திரிக்கீங்க" எண்டார். பக்கத்தில நிண்ட ஓட்டோக்காரன் எல்லாம் சிரிச்சான்.

சூட்டில போட்டாலும் பாஸாகுமோ தெரியா எண்டும் சொன்னார். புகை போற பைப்ல எங்கயோ காத்துப் பூருதாம். காரைதீவுக் குணத்துக்கிட்டக் காட்டப் போறன். முர்ஷிதுட லொறி வேலையெல்லாம் அவன்தான் செஞ்சவன், கராஜில நம்மட தம்பிட படம் ஒட்டி வெச்சிரிக்கான்.

சீட்டை இழுக்கல்ல. முதுகுக்கு ரெண்டு தலகணி வெச்சி ஓட்டினன். பஸ்லியா பாத்துட்டு, புள்ளத்தாச்சி ஓட்டுற மாதிரி இரிக்கு எண்டா.

நீங்க சொன்ன மாதிரித் தள்ளிக் கொண்டு போனன். ஆனா திருப்பி வரக்குள்ள தள்ள ஆள் கிடைக்கல்ல. எல்லாரும் பகல் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க. அதால ஒழுங்கைக்குள்ள ஓட்டிட்டே வந்தன். நுஸ்ஹா கடப்படிக்கு ஓடி வந்தா. நான் கதவைத் திறந்து இறங்கினன். என்னைப் பாத்துட்டு அப்பிடியே நிண்டா. டொபி குடுத்தன், வாங்கல்ல. உள்ளுக்கு ஏதோ பாத்திரம் விழுந்த மாதிரிக் கேட்டிச்சி. நான் சாவியை ஜன்னல்ல வெச்சிட்டு வந்திட்டன். பிழையெண்டா சொல்லுங்க.

றிபாஸ்


சாய்ந்தமருது
07.05.2024

மச்சானுக்கு,

ஈரச் சாக்குக்குச் சிரிச்சன். உண்மையாச் சிரிச்சன். மறுகா கடிதத்தை முழுக்க வாசிச்சன்.

ஏன் எண்டு கேக்க வேணாம் எண்டு எழுதினது என்ட பிடிவாதம். இப்ப சொல்றன். அவர் வாங்கக்குள்ளயே அந்தக் கார்ட பைப்பை ஆரோ மாத்தி வெச்சிருந்தது. அதால அது மெயின் ரோட்டில வரக்குள்ளயே இஞ்ச கேக்கும். லொறியை உங்கட ஊர் மில்லில விட்டுட்டு காரை எடுத்து வருவார். ஒழுங்கைக்குள்ள கிறுகித் திரும்ப முதல் அக்ஸிலேட்டரை ரெண்டு தரம் அமத்துவார். ர்ரும், ர்ரும். அதுதான் அவர்ர ஸலாம். பக்கத்து வீட்டு சுபைறா மாமி, "உன்ட புருசன் வாறது எனக்கு ஏன்டி தெரிய வேணும்" எண்டு ஏசுவா. நுஸ்ஹா தின்னுற சோத்துக் கையோட கடப்படிக்கு ஓடுவா. நான் கேத்தலை அடுப்பில வெப்பன். அவர் செருப்பைக் கழட்டி, புள்ளயத் தூக்கி, முகம் கழுவி வந்து இரிக்கக்குள்ள தேத்தண்ணி சரியா இரிக்கும். அவர் கதவைத் தட்டினதில்ல, நான் ஆரு எண்டு கேட்டதில்ல.

வெள்ளிக்கிழமை நீங்க அமத்தல்ல, சும்மாதான் வந்தீங்க. ஆனா சத்தம் அதேதான். நுஸ்ஹா ஓடினா. அவ வாப்பாட மையத்தைப் பாத்தவ, நெத்தியில முத்தம் குடுத்தவ. எல்லாம் தெரிஞ்சும் ஓடினா. அவ புள்ள, விடுங்க. நான் என்ன செஞ்சன் எண்டா, கேத்தலுக்குத் தண்ணி புடிச்சி அடுப்பையும் பத்த வெச்சிட்டன். நுஸ்ஹாட சத்தம் ஒண்டும் வராமப் போகக்குள்ளதான் என்ட கையைப் பாத்தன். நீங்க கேட்டது கேத்தல் விழுந்த சத்தம்.

பிழை சொல்லல்ல. ஆனா இன்னொருக்கா அப்பிடி வராதீங்க. என்னால ஏலா மச்சான்.

நஸ்லா


சம்மாந்துறை
14.05.2024

மச்சிக்கு,

உங்கட கடிதத்தைப் படிச்சிட்டு அண்டைக்கு வட்டைக்குப் போகல்ல. இனி அந்த ஒழுங்கைக்குள்ள சத்தம் வராது. பஸ்லியா சாவி வாங்கித் தர, காரை ஆக்களை வெச்சித் தள்ளி எடுத்து, சோதனை முடியுற வரைக்கும் குணத்துட கராஜிலயே விட்டிரிக்கன்.

திங்கக்கிழமை நல்லாச் சூடேத்திக் கொண்டு போனம். திரும்பவும் பெயில். குணம் கீழ படுத்துப் பாத்துட்டு வெளியில வந்து சொன்னான்: "காக்கா, ரெண்டு பொருத்தில காத்துப் பூருது. அதை ஒட்டலாம். ஆனா புகையைச் சுத்தமாக்கிற கொன்வேட்டர் பெட்டியை முதல் வெச்சிருந்த ஆள் கழட்டி எறிஞ்சிட்டான். அது இல்லாம நீங்களும் நானும் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இது பாஸாகாது." குருநாகல்ல இதே மாதிரிக் கார் ஒண்டு அடிபட்டுக் கிடக்காம். அதுட பைப்பை முழுசாக் கழட்டிக் கொண்டு வந்து பூட்டினா சரியாம்.

அப்ப சத்தம் எப்பிடி வரும் எண்டு கேட்டன். வராது எண்டான். பூனை நடந்த மாதிரி இரிக்குமாம்.

உங்களுக்கும் நல்லம்தானே மச்சி. கார் மிஞ்சும், சத்தம் உங்களை வருத்தாது. முர்ஷிதும் அப்பிடித்தான் நினைச்சிருந்தான். கடைசி ட்ரிப் போக முதல் மில்லடியில எனக்கிட்டச் சொன்னான், "காக்கா, வந்து அந்தப் பெட்டியைத் தேடிப் பூட்டி லைசனை எடுத்துடுவம்" எண்டு. எந்தப் பெட்டி எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. அவன் சொன்ன வேலையைத்தான் நான் செய்யிறன். ஓம் எண்டு ஒரு சொல் எழுதி அனுப்புங்க, ஆளை அனுப்புறன்.

றிபாஸ்


சாய்ந்தமருது
17.05.2024

மச்சானுக்கு,

வேணாம்.

உங்களுக்கிட்ட அவர் என்ன சொன்னாரோ தெரியா. எனக்கிட்ட ஜனவரியில பெயிலாகி வந்த அண்டு சொன்னது இதுதான்: "அந்தப் பெட்டியைப் பூட்டினா இது காரே இல்ல நஸ்லா. அப்பிடி ஓடுறதுக்கு நான் பஸ்ஸில வருவன்." தேத்தண்ணியைக் குடிச்சிக்கிட்டுச் சொன்னார். காக்காமாருக்கு ஒரு கதை, பொண்டாட்டிக்கு ஒரு கதை சொல்ற ஆள் இல்ல அவர்.

பைப்பை மாத்தாதீங்க. பாஸாகாட்டிப் பாஸாகாம இரிக்கட்டும்.

நஸ்லா


சம்மாந்துறை
21.05.2024

நஸ்லா,

கோவத்தோடதான் எழுதுறன். பஸ்லியா இதைக் கொண்டு வர மாட்டன் எண்டா, நானே உங்கட கடப்படிப் பெட்டிக்குள்ள போட்டுட்டுப் போவன்.

ஒரு கடிதத்தில அந்தச் சத்தத்தைக் கொண்டு வராதீங்க எண்டு எழுதுறீங்க. மற்றதில அந்தச் சத்தத்தை எடுக்காதீங்க எண்டு எழுதுறீங்க. நான் மனுசன் மச்சி, எந்தப் பக்கம் போற. உங்கட வாப்பா மேசன்மாரைக் கூட்டி வந்து கயிறு புடிச்சி அளந்திட்டார். இந்த மாசம் போனா அத்திவாரம். கார் கராஜில கிடக்க குணத்துக்கு இடமில்ல, திரும்ப உங்கட வளவுக்கு வர வழியில்ல, லைசன் இல்லாம என்ட ஊருக்கு ஓட்டி வந்தா பொலிசு. அப்ப இரும்புக் கடைதான். உடைச்சா அதுவும் சத்தம் போடும், அதைக் கேப்பீங்களா.

இன்னொண்டு சொல்றன், இதை ஒரு ஆளுக்கிட்டயும் சொன்னதில்ல. நம்மட ஊர் ஆம்புளைகள் கலியாணம் முடிச்சா பொண்டாட்டிட வீடுதான். சரி, அது சந்தோசம்தான். ஆனா அவன் மவுத்தானா என்ன நடக்குது. அவன்ட சேட்டு உங்கட அலுமாரியில. செருப்பு உங்கட வாசல்ல. தொழுற பாய் உங்கட வீட்டில. புள்ள உங்கட மடியில. அதெல்லாம் உங்களுக்குரியதுதான், நான் பங்கு கேக்கல்ல. ஆனா அவனைத் தோள்ல தூக்கித் திரிஞ்சவன் நான். அவனுக்கு நீந்தப் பழக்கினவன் நான். என்ட வீட்டில அவன்ட ஒரு சாமான் இல்ல. உம்மா இரிந்த வீட்டையும் எங்கட தங்கச்சிக்குக் குடுத்தாச்சி. சாப்பிட்டுட்டு விரலைத் துடைச்ச லேஞ்சி கூட எனக்கிட்ட இல்ல. அந்தக் கார்தான் நான் கேட்ட ஒண்டு. அதையும் கேட்டதுக்குச் சபையில என்னை நாயாக்கினாங்க.

சத்தம்தான் வேணுமெண்டா குணத்துக்கிட்டச் சொல்லி பஸ்லியாட போன்ல புடிச்சித் தந்திரிக்கன். அவ வரக்குள்ள கேளுங்க.

றிபாஸ்


சாய்ந்தமருது
27.05.2024

மச்சான்,

போன்ல கேட்டன். தையல் மெசின் மாதிரி இரிக்கு. சுவரும் அதிரல்ல, சுபைறா மாமியும் ஏசல்ல. அது அவர் இல்ல. அழிக்கச் சொல்லிட்டன்.

உங்கட கடிதத்தைத் தலகணிக்குக் கீழ வெச்சி மூணு நாள் கிடந்தன். உங்களுக்கு ஒண்டும் மிஞ்சல்ல எண்டு நான் ஒரு நாளும் நினைச்சுப் பாக்கல்ல. இஞ்ச வாறவங்க எல்லாரும் என்னைத்தான் பாக்க வாறாங்க. எனக்குத்தான் பால்மா கொண்டு வாறாங்க. உங்கட வாசலுக்கு ஆரு வந்தாங்க எண்டு பஸ்லியா ராத்தாக்கிட்டக் கேட்டன். வேளாண்மை நெல்லுக் கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க எண்டா. எனக்கு வெக்கமாப் போச்சி.

இதோட ஒரு பார்சல் வருது. அவர்ர நீலச் சாறன். நோன்புக்கு முதல் உடுத்தது, கழுவல்ல. கழுவாதீங்க.

பைப்பை மாத்துங்க. ஓம், நான்தான் சொல்றன். ரெண்டுல ஒண்டுதான் மிஞ்சும் எண்டா கார் மிஞ்சட்டும். சத்தத்தைக் காட்டி நுஸ்ஹாவை நான் எப்பிடி வளக்கிற.

ஒரு கேள்வி மட்டும் என்னைத் தின்னுது. உங்களுக்கிட்ட மாத்துவம் எண்டார், எனக்கிட்ட மாத்தன் எண்டார். எது உண்மை எண்டு இனி ஆருக்கிட்டக் கேக்கிற. ஒரு வேளை ரெண்டும் உண்மையோ. பாதி வழியில மனம் மாறி வந்திருப்பாரோ. அதைச் சொல்லத்தான் வந்துக்கிட்டிருந்தாரோ.

மாத்த முதல் ஒண்டு செய்யுங்க. நான் வேணாம் எண்டு சொன்னதைத்தான் இப்ப கேக்கிறன், ஏச வேணாம். ஒரு நாளைக்குப் பின்னேரம் அஸருக்குப் பிறகு காரை எடுத்து வாங்க. நுஸ்ஹா அந்த நேரம் மதரஸாவில ஓதிக்கிட்டிருப்பா, அவவுக்குக் கேக்க வேணாம். மெயின் ரோட்டால வந்து, ஒழுங்கை மூலையில ரெண்டு தரம் அமத்துங்க, அவர் அமத்துற மாதிரி. உள்ளுக்கு வராதீங்க. அப்பிடியே போயிடுங்க. பொலிசு புடிச்சா என்ட பேரைச் சொல்லுங்க.

நஸ்லா


சம்மாந்துறை
08.06.2024

மச்சிக்கு,

அல்ஹம்துலில்லாஹ், பாஸ். சோதிக்கிற தம்பி என்னைக் கண்டதும், "காக்கா, இண்டைக்குச் சாக்கு இல்லையா" எண்டார். குழாயை உள்ளுக்கு விட்டார், நான் கண்ணை மூடிக்கிட்டன். பேப்பர் வந்திச்சி. லைசனும் எடுத்தாச்சி. கண்ணாடியில ஒட்டிட்டன். குணம் கூலி வேணாம் எண்டான். "அண்ணன்ட கார்" எண்டான், அவ்வளவுதான்.

பைப்பை மாத்த முதல், நீங்க கேட்ட மாதிரி அஸருக்குப் பிறகு வந்தது உங்களுக்குக் கேட்டிருக்கும். மூலையில நிப்பாட்டி ரெண்டு தரம் அமத்தினன். அவன் அமத்துற மாதிரி எண்டு சொன்னீங்க, அது எப்பிடி எண்டு எனக்கு எங்க தெரியும். நான் ஒரு நாளும் உங்கட வாசல்ல நிண்டு அவனைக் காத்திருந்ததில்ல. என்ட மனசுக்கு வந்த மாதிரி அமத்தினன். மறுகா காரைக் கிறுக்கி ஊருக்குப் போக ஏலாமப் போச்சி. கடற்கரையில வள்ளத்துக்குப் பக்கத்தில நிப்பாட்டிக் கொஞ்ச நேரம் இரிந்தன். மீன்காரங்க வந்து கார் பழுதா எண்டு கேட்டாங்க. ஓம் எண்டன்.

ஒரு விசர் வேலையும் செஞ்சன், சொல்லிடுறன். கழட்டின பழைய பைப்பைக் குணத்துக்கிட்ட விட மனம் வரல்ல, கொண்டு வந்தன். உழவு மெசினுக்கு ஒட்டிப் பாத்தன். மெசின் சத்தம்தான் வந்திச்சி. பஸ்லியா உள்ளுக்குப் போயிட்டா.

நீலச் சாறன் வந்து சேந்திச்சி. கழுவல்ல, கழுவவும் மாட்டன்.

உங்கட இத்தா முடியக்குள்ள, வாற வெள்ளிக்கிழமை காரோட வாறன். உங்கட வாப்பாக்கு ஸலாம் சொல்லிட்டு, நுஸ்ஹாவை ஏத்தி ஒலுவில் வரைக்கும் போயிட்டு வருவம். மூலையில வழமை போல ரெண்டு தரம் அமத்துவன். புதுப் பைப்தான், ஆனாலும் கொஞ்சமாவது கேக்கும். அவட வாப்பாட கார் எண்டு அவவுக்குத் தெரியட்டும்.

றிபாஸ்


சாய்ந்தமருது
16.06.2024

மச்சானுக்கு,

இத்தா முடிஞ்சிட்டு, இனி எழுதத் தேவையில்ல. நாளைக்குப் பெருநாள், எப்பிடியும் நீங்க எல்லாரும் வருவீங்க. ஆனா இதை வாயால சொல்ல என்னால ஏலா. அதால எழுதுறன். இதை வாசிச்சிட்டு வாங்க. வந்து இதைப் பத்திக் கதைக்காதீங்க.

அண்டைக்கு அஸருக்குப் பிறகு நீங்க அமத்தினது அவர் அமத்துற மாதிரி இல்ல. அவர் முதலாவதைக் கூட்டி, ரெண்டாவதைக் குறைச்சி அமத்துவார். நீங்க ரெண்டையும் ஒரே மாதிரி அமத்தினீங்க. ஆனாலும் கேத்தலை வெச்சன். இந்த முறை தெரிஞ்சேதான் வெச்சன். ரெண்டு கோப்பையும் எடுத்தன். சத்தம் கடற்கரைப் பக்கம் போய் இல்லாமப் போற வரைக்கும் நிண்டுட்டு, தண்ணி கொதிக்க முதல் அடுப்பை அணைச்சன்.

நுஸ்ஹாக்குக் கேக்காது எண்டு நினைச்சிருந்தன். மதரஸாவுக்கும் ஒழுங்கை மூலைக்கும் இடையில ஒரு வளவுதான் எண்டதை நான் யோசிக்கல்ல. பொழுதுபட மஃரிபுக்கு வந்து குர்ஆனைத் தட்டில வெச்சிட்டுக் கேட்டா, "உம்மா, வாப்பா வந்திட்டுப் போனாரா?" எண்டு. ஓடி வர நினைச்சாவாம். ஓதக்குள்ள எழும்பக் கூடாது எண்டு மௌலவி சொல்லியிரிக்காராம், அதால எழும்பல்லையாம். விரலை எழுத்தில வெச்சபடியே இரிந்தாவாம். நான் ஓம் எண்டன். "போயிட்டாரா" எண்டா. ஓம் மகள், போயிட்டார் எண்டன். சரி எண்டுட்டுச் சோறு கேட்டா.

முந்தாநாள் நீங்க வந்தீங்க. மூலையில அமத்தினதா வாப்பாக்கிட்டச் சொன்னீங்க. எங்களுக்கு ஒண்டும் கேக்கல்ல. நான் துணி மடிச்சிக்கிட்டிருந்தன், நுஸ்ஹா படம் கீறிக்கிட்டிருந்தா. நீங்க கடப்படியில வந்து நிண்டு கதவைத் தட்டினீங்க. நான் "ஆரு" எண்டு கேட்டன். அந்தக் கார் வந்து நிக்க நான் அப்பிடிக் கேட்டது அதுதான் முதல் தரம்.

வாப்பா எழும்பி வந்து உங்களுக்குக் கதவைத் திறந்து, கையைப் புடிச்சி உள்ளுக்குக் கூட்டி வந்தாரே, அதுக்கு அல்லாஹ்வைப் புகழ்றன். ரெண்டு பேரும் ஒரே சஹன்ல இரிந்தீங்க. அதைப் பாக்க அவர் இல்ல எண்டுதான் அழுதன், வேற ஒண்டுக்கும் இல்ல.

நுஸ்ஹா உங்களோட நல்லாப் போயிட்டு வந்தா. ஐஸ்கிரீம் சட்டையெல்லாம். லைட் கண்ணைத் திறந்ததைச் சொன்னா, ஒலுவில் துறைமுகத்தைச் சொன்னா, முதுகுத் தலகணியைச் சொல்லிச் சிரிச்சா. கார் நிண்ட இடத்தில இப்ப அத்திவாரக் கிடங்கு. அதுக்குப் பக்கத்தில இரிந்து மண்ணைக் கிண்டிக்கிட்டே கேட்டா, "உம்மா, இனி எப்ப பெரியவாப்பாட கார்ல போற?" எண்டு.

பெரியவாப்பாட கார் எண்டுதான் சொன்னா. நான் திருத்தல்ல. நீங்களும் திருத்தாதீங்க. உங்களுக்கு ஒரு சாமான் வேணுமெண்டு கேட்டீங்க, அது இப்ப உங்கட கார்தான். லைசனோட, சத்தமில்லாம, ஆரையும் ஓட வெக்காம நல்லா ஓடட்டும்.

அந்தப் பழைய பைப்பை மட்டும் நாளைக்கு வரக்குள்ள கொண்டு வாங்க. அதை நான் வெச்சிருக்கன்.

நஸ்லா